இரவல் வீரர்கள்: ரக்பி கேள்வி பதில்

சென்ற இதழில், 2025 ஜூலையில் பிரான்ஸ் ரக்பி அணி தன் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரை ஊரிலேயே விட்டுவிட்டு நியூசிலாந்துக்குப் போய்வந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் கடிதம் வராத இந்தப் பகுதிக்கு, அந்த நான்கு வரிக்காக ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் முழுவதும் அதற்கே.

கேள்வி (திருச்சி வாசகர்): நாட்டுக்காக ஆடும் வாய்ப்பை எந்த வீரர் வேண்டாம் என்பார்? பிரான்ஸ் ஏன் முழு பலத்துடன் போகவில்லை? இது நியூசிலாந்தை அவமதிப்பதாகாதா?

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள்காட்டியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பிரான்சின் கிளப் தொடரான டாப் 14, கோடை முடியும்போது தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் கடைசி வரை நீள்கிறது. 2025-இல் அதன் இறுதிப் போட்டி ஜூன் 28 அன்று நடந்தது. துலூஸ் அணி கூடுதல் நேரம் வரை போராடி, போர்தோ-பெக்ல் அணியை 39-33 என்று வென்றது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் முதல் டெஸ்ட் ஜூலை 5 அன்று. உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று ஆட இடையில் இருந்தது ஒரே வாரம். பத்து மாதம் ஓய்வின்றி மோதிய வீரர்களுக்கு ஜூலையில் ஓய்வு தர வேண்டும் என்று பிரான்ஸ் ரக்பி கூட்டமைப்பும் கிளப்களின் லீக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. பயிற்சியாளர் ஃபாபியன் கால்தியே அந்த ஒப்பந்தத்துக்குள் நின்றுதான் அணியைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் ஆட்டத்தில் அந்த 'இரண்டாம் அணி' 27-31 என்று நான்கே புள்ளியில் தோற்றது. அடுத்த இரண்டில் 17-43, 19-29. நியூசிலாந்துக்காரர்களின் கோபத்தில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ரக்பியில் டிக்கெட் வசூல் நடத்தும் நாட்டுக்கே போய்ச்சேரும் என்பது நெடுநாள் வழக்கம். அதாவது முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் நியூசிலாந்து ரசிகர்கள், யாரை அனுப்புவது என்று தீர்மானித்தவை பிரான்சின் கிளப்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவுக்கும் பிரான்ஸ் இப்படித்தான், டாப் 14 இறுதியாட்டத்தில் ஆடியவர்கள் இல்லாமல் போனது. ஆனால் அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் முடிந்தன. ஒன்றைப் பிரான்சே வென்றது.

கேள்வி (கோவை வாசகர்): வீரரை நாட்டு அணிக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி கிடையாதா?

உண்டு. உலக ரக்பி அமைப்பின் 9-ஆம் ஒழுங்குவிதி என்பது அதன் பெயர். வீரர் மீது முதல் உரிமை நாட்டின் ரக்பி சங்கத்துக்கே. ஒப்பந்தத்தாலோ நடத்தையாலோ வேறு எந்த வழியாலோ ஒரு வீரரை நாட்டு அணிக்குப் போகவிடாமல் தடுப்பதும், போக மனம் வராதபடி செய்வதும் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. உலகக்கோப்பை என்றால் முதல் ஆட்டத்துக்கு 35 நாள் முன்பே வீரரை விடுவிக்க வேண்டும். ஆனால் இந்த உரிமை ஆண்டு முழுவதற்குமானது அல்ல. ஜூலையில் சில வாரம், நவம்பரில் சில வாரம், ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ், தெற்கு நாடுகளின் ரக்பி சாம்பியன்ஷிப், உலகக்கோப்பை என்று குறித்துவைத்த நாள்களுக்கு மட்டுமே அது செல்லும். அந்த நாள்களுக்கு வெளியே கிளப் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் சங்கம் கெஞ்சலாமே தவிர, கட்டளையிட முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பிறந்த தேதியும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் கூடிய அன்றைய சர்வதேச ரக்பி வாரியம், நூறாண்டுக்கும் மேலாகச் சம்பளமே கூடாது என்று காத்துவந்த ஆட்டத்தைத் தொழில்முறைக்குத் திறந்துவிட்டது. அதுவரை சம்பளம் இல்லை, ஆகவே முதலாளியும் இல்லை, வழக்கும் இல்லை. அறிவிப்பு வந்ததும் நியூசிலாந்து சங்கம் தன் வீரர்களைத் தன்னிடமே ஒப்பந்தம் செய்துகொண்டது. இங்கிலாந்துச் சங்கமோ ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் நியூகாசிலில் ஜான் ஹால், சாரசென்ஸ் கிளப்பில் நைஜல் ரே போன்ற செல்வர்கள் உள்ளே வந்து கிளப்களையும் வீரர்களையும் தம் வசமாக்கிக்கொண்டார்கள். இன்று நியூசிலாந்தில் இந்தச் சண்டை பெரிதாகக் காதில் விழாததற்கும், இங்கிலாந்தில் முப்பது ஆண்டாக ஓயாமல் கேட்பதற்கும் அந்த ஓராண்டே காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி (மதுரை வாசகர்): வீரரை விடாத கிளப் எதற்காவது அபராதம் விதித்திருக்கிறார்களா?

வேடிக்கை என்னவென்றால், நான் சொல்லப்போவது வீரரை விட்டதற்காக அபராதம் கட்டிய கிளப்பின் கதை. வேல்ஸ் சங்கத்துக்கு எப்போதும் பணத்தட்டுப்பாடு. கார்டிஃப் நகரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் மைதானம் அதன் கையில் இருக்கிறது. ஆகவே விதி அனுமதித்த நவம்பர் ஆட்டங்களோடு, வசூலுக்காகக் கூடுதலாக ஒன்றை அது நடத்துவது வழக்கம். இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர்ஷிப்பின் கிளப்கள், குறித்த நாளுக்கு வெளியே யாரும் வீரரை அனுப்பக் கூடாது என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தன. 2013 நவம்பர் 30 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த அத்தகைய ஆட்டத்துக்கு, அவற்றுள் ஒன்றான நார்தாம்ப்டன் தன் வேல்ஸ் வீரர் ஜார்ஜ் நார்த்தை அனுப்பிவைத்தது. வேல்ஸ் 26-30 என்று தோற்றது. நார்தாம்ப்டனுக்கு 60,000 பவுண்ட் அபராதம்.

பன்னிரண்டு ஆண்டு கழித்தும் வேல்ஸ் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2025 நவம்பர் 29 அன்று, குறித்த நாள்கள் முடிந்த பிறகு, இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆடும் தன் வீரர்கள் இல்லாமலேயே தென்னாப்பிரிக்காவைச் சந்தித்து 0-73 என்று தோற்றது. டிக்கெட் பணம் வந்திருக்கும்.

கேள்வி (சென்னை வாசகர்): நம் ஐபிஎல் விவகாரம் போலத்தானே இதுவும்?

பார்வைக்கு அப்படித் தோன்றும். உள்ளே நேர் எதிர். கிரிக்கெட்டில் வீரர் பெரும்பாலும் வாரியத்தின் ஆள். ஐபிஎல்லுக்கு வரும் வெளிநாட்டு வீரர் தன் வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் ஆடிவிட்டுப் போகிறார். அங்கே நாடு உரிமையாளர், அணி முதலாளி இரவல் வாங்குபவர். இங்கிலாந்து, பிரான்ஸ் ரக்பியில் ஆண்டு முழுவதும் சம்பளம் போடுவது கிளப். நாடுதான் வந்து இரவல் கேட்கிறது. இரவல் கொடுத்த பாத்திரம் ஓட்டையாகித் திரும்பினால் கொடுத்தவர் முகம் எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஈரோடு வாசகர்): நாட்டுக்காக ஆடும்போது காயம்பட்டால் நஷ்டம் யாருக்கு?

காப்பீடு, ஈட்டுத்தொகை என்று பல ஏற்பாடுகள் நாட்டுக்கு நாடு உண்டு. ஆனால் எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாத நஷ்டமும் இருக்கிறது. 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்டத்தில், உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான ஆந்த்வான் துப்போனின் முழங்கால் தசைநார் அறுந்தது. பிரான்ஸ் 42-27 என்று வென்றது. அவருடைய துலூஸ் கிளப் எஞ்சிய பருவம் முழுவதையும், முதல் பதிலில் சொன்ன இறுதியாட்டம் உட்பட, அவர் இல்லாமலேயே ஆடியது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): பிரான்சில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான், இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் அதுதான். 2020-இல் கொரோனாவால் நின்றுபோன ஆட்டங்களை எல்லாம் இலையுதிர்காலத்தில் திணித்ததால், பிரான்ஸ் தேசிய அணிக்கு வழக்கமான மூன்று ஆட்டங்களுக்குப் பதிலாக ஆறு ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன. உலக ரக்பி அமைப்பு அதற்கேற்ப நாள்களை நீட்டிக் கொடுத்தது. கிளப்களோ, ஏற்கெனவே வருமானமின்றித் தவிக்கும் நேரத்தில் இத்தனை வாரம் வீரர்களை விட முடியாது என்று மறுத்து, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை சென்றன. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: எந்த வீரரும் அந்த இலையுதிர்காலத்தில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் நாட்டு அணியின் பட்டியலில் இடம்பெறக் கூடாது.

அதன் விளைவு என்ன தெரியுமா? முன்னணி வீரர்களின் மூன்று வாய்ப்பும் முடிந்துபோயிருந்த நிலையில், 2020 டிசம்பர் 6 அன்று இலண்டன் ட்விக்கனம் மைதானத்தில் அந்த இலையுதிர்காலத் தொடரின், இங்கிலாந்துக்கு எதிரான இறுதியாட்டத்துக்குப் பிரான்ஸ் வந்தது. தொடக்கப் பதினைவரின் சர்வதேச அனுபவத்தை எல்லாம் கூட்டினாலும் நூறு ஆட்டத்தைத் தொடவில்லை. எதிரே இருந்ததோ, முந்தைய ஆண்டு உலகக்கோப்பை இறுதி வரை போன அணி. ஆட்டம் ஒருதலைப்பட்சமாக முடியும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, எண்பதாம் நிமிடத்தை நெருங்கும்போது பிரான்ஸ் 19-12 என்று முன்னணியில் இருந்தது. கடைசி மூச்சில் இங்கிலாந்து சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஓவன் ஃபாரலின் ஒரு பெனால்டி உதையில் 22-19 என்று தப்பிப் பிழைத்தது. கிளப்களின் பிடிவாதம் தேசிய அணிக்கு ஒரு புதிய தலைமுறையை அறிமுகப்படுத்திவிட்டது என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். தற்செயலாகக் கிடைத்த நன்மைக்குக் கிளப்கள் பாராட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது.

கேள்வி (சேலம் வாசகர்): எந்த நாடு இதைச் சரியாகக் கையாள்கிறது?

சம்பளமும் தேர்வும் ஒரே கையில் இருக்கும் நாடுகளில் அமைதி நிலவுகிறது. அயர்லாந்தில் லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கானாட் ஆகிய நான்கு மாகாண அணிகளும் சங்கத்தின் கிளைகளே. முதல்தர வீரர்கள் சிலருக்குச் சங்கமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. ஒரு வீரர் மாதத்தில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதையும் சங்கமே தீர்மானிக்கலாம். ஆனால் அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் வீரர். வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால் தேசிய அணியில் இடமில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். மன்ஸ்டரின் சைமன் ஸீபோ, பருவம் முடிந்ததும் பாரிஸுக்குப் போவதாக 2017 அக்டோபரில் அறிவித்தார். அவர் இன்னும் அயர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே நவம்பர் அணியில் பெயர் இல்லை. அதே பாரிஸ் கிளப்பில் 2013 முதல் 2015 வரை ஆடிய ஜானி செக்ஸ்டனை மட்டும் விடாமல் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டக்காரர் எவ்வளவு இன்றியமையாதவரோ அவ்வளவுக்குச் சட்டம் வளையும் போலிருக்கிறது.

நியூசிலாந்திலும் இதே விதிதான். 2023 உலகக்கோப்பை இறுதியில் ஆடிய ரிச்சி மொவுங்கா ஜப்பான் கிளப்புக்குப் போனதும் தேசிய அணியின் கதவு அடைக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்டெஃபன் ஆர்மிட்டேஜ் 2014-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றும், பிரான்சின் தூலோன் கிளப்பில் இருந்ததால், சொந்த மண்ணில் நடந்த 2015 உலகக்கோப்பையில் இடம்பெறவில்லை. இங்கிலாந்து முதல் சுற்றோடு வெளியேறியது. தென்னாப்பிரிக்காவோ எங்கே ஆடினாலும் வா என்று அழைத்து, 2019, 2023 இரண்டு கோப்பைகளையும் எடுத்துப் போனது.

இங்கிலாந்து பிறகு பணத்தால் தீர்வு கண்டது. 2024 செப்டம்பரில் சங்கமும் கிளப்களும் எட்டாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 3.3 கோடி பவுண்ட் கிளப்களுக்குப் போகிறது. பதிலுக்கு, 25 வீரர்கள் வரை சங்கத்தோடும் ஒப்பந்தம் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுடைய உடல்தகுதி, மருத்துவம் ஆகியவற்றில் கடைசிச் சொல் தேசியப் பயிற்சியாளருடையது. முப்பது ஆண்டுக்கு முன் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி (கொழும்பு வாசகர்): ஃபிஜி, சமோவா, தொங்கா போன்ற சிறு நாடுகளின் நிலை என்ன?

மேலே சொன்ன விதி அவர்களுக்கும் அச்சு மாறாமல் பொருந்தும், பயன்தான் பொருந்துவதில்லை. இங்கிலாந்து போலக் கிளப்களுக்குக் கோடிகளைக் கொடுக்க அந்தச் சங்கங்களால் முடியாது. 2017 நவம்பரில் ட்விக்கனத்தில் சமோவா ஆட வந்தபோது, தன் சங்கம் திவாலாகிவிட்டது என்று அந்நாட்டுப் பிரதமரே அறிவித்தார். இங்கிலாந்து வீரர் ஒருவருக்கு அந்த ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22,000 பவுண்ட், சமோவா வீரருக்கு ஏறத்தாழ 650 பவுண்ட் என்று செய்திகள் வந்தன; இங்கிலாந்து வீரர்கள் தலைக்கு ஆயிரம் பவுண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த நிலையில், குடும்பம் முழுவதையும் ஐரோப்பியச் சம்பளத்தில் தாங்கும் ஒரு வீரரிடம் கிளப் நிர்வாகி, 'உலகக்கோப்பைக்குப் போகத்தான் வேண்டுமா?' என்று பேச்சுவாக்கில் கேட்டாலே போதும். காகிதத்தில் எந்த விதியும் மீறப்படாது. வீரர் தாமாகவே 'சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு' அறிவித்துவிடுவார். 2022 முதல் ஃபிஜியன் துருவா என்ற அணி, தெற்கு நாடுகளின் தொழில்முறைத் தொடரான சூப்பர் ரக்பியில் ஆடுவதால், சொந்த ஊரிலேயே சம்பளம் வாங்கும் ஃபிஜி வீரர்கள் பெருகியிருப்பது ஒன்றுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): 2026-க்குத் திட்டமிட்ட நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் இந்தச் சண்டைக்கு முடிவு கட்டுமா?

பன்னிரண்டு நாடுகள், ஜூலையில் வடக்கு அணிகள் தெற்கே செல்ல, நவம்பரில் தெற்கு அணிகள் வடக்கே வர, எல்லா ஆட்டத்துக்கும் புள்ளிப்பட்டியல் என்பது திட்டம். பழைய நட்புச் சுற்றுப்பயணம் போல் இரண்டாம் அணியை அனுப்பினால் இனிப் பட்டியலில் அடிவிழும். அந்த அளவுக்குக் கூட்டமைப்புகளின் கை வலுக்கும். ஆனால் டாப் 14 இறுதியாட்டம் 2026-லும் ஜூன் கடைசியில்தான். அடுத்த வார இறுதியில், தொடரின் முதல் ஆட்டத்துக்காகப் பிரான்ஸ் போக வேண்டிய இடம் மறுபடியும் நியூசிலாந்து.