மூன்று முறை சர்வீஸ் பார்த்தும் ஹேங் ஆகும் கேமரா: மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன் புதிய மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். வாரண்டி 2 ஆண்டு. வீடியோ ஓடத் தொடங்கி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. எந்தப் பட்டனும் வேலை செய்வதில்லை; பேட்டரியைக் கழற்றிப் போட்டால்தான் உயிர் வருகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். இரண்டு முறை ‘பழுது இல்லை’ என்று திருப்பித் தந்தார்கள். மூன்றாவது முறை ஃபர்ம்வேரை, அதாவது கேமராவின் உள் மென்பொருளை, அப்டேட் செய்தார்கள். இன்னும் ஹேங் ஆகிறது. நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுத்துச் சம்பாதிப்பதால் நான் நுகர்வோர் வழக்கே போட முடியாது என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. விற்பனையாளர் அதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஓரிருவர் இருந்தாலும் அது மாறாது என்று லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. கேமராவை நீங்களே இயக்குகிறீர்கள், அதுதான் உங்கள் பிழைப்பு என்பதை மனுவின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மனுவில் இல்லாததைப் பிறகு வாதத்தில் நுழைப்பது கடினம். சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஏழெட்டுக் கேமராக்களோடு ஸ்டூடியோ நடத்துபவர் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

உங்கள் வழக்கின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. விட்டு விட்டு வரும் பழுதை நிரூபிப்பது எளிதல்ல. “கார்டு சரியில்லை, பேட்டரி கம்பெனி பேட்டரி இல்லை, லென்ஸில் தூசி, வெயிலில் சூடாகியிருக்கும்” என்ற நான்கு பதில்களும் எதிர்தரப்பின் கையில் தயாராக இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே இந்த நான்கையும் ஒவ்வொன்றாக அடைத்துவிட வேண்டும்.

கார்டிலிருந்து தொடங்குங்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வினாடிக்கு 170 எம்பி, 200 எம்பி என்பதெல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது தொடர்ந்து எழுதும் வேகம். கேமரா வினாடிக்கு 200 மெகாபிட் பதிவு செய்தால், 8ஆல் வகுத்து 25 மெகாபைட். அதற்கு வி30 கார்டு போதும், ஏனென்றால் அது 30க்குக் குறையாமல் எழுதும். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், வி60 வேண்டும். கேமராவின் கையேட்டில் சொன்ன வகையிலேயே இரண்டு வெவ்வேறு கார்டுகளை எடுத்து, கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து சோதியுங்கள். இரண்டிலும் நின்றால் கார்டு மேல் பழி போட முடியாது.

பேட்டரி, கேமராவோடு வந்த அதே பேட்டரியாக, முழுச் சார்ஜில் இருக்கட்டும். லென்ஸின் பித்தளை நிறத் தொடுமுனைகளை உலர்ந்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். அழிப்பான் வேண்டாம், பூச்சு தேயும். பிறகு லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டு, மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ரிலீஸ்’ என்பதை இயக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் பழுது பாடியில்தான், லென்ஸில் இல்லை.

சூடு விஷயத்தில் கவனம் தேவை. சூடு அதிகமானால் திரையில் எச்சரிக்கைக் குறி காட்டித் தானாக அணைந்துகொள்வது அதன் வடிவமைப்பு. அதைப் பழுது என்று எழுதினால் உங்கள் நம்பகத்தன்மைதான் போகும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் திரை உறைந்து, பவர் சுவிட்சைத் திருப்பினாலும் அணையாமல் கிடந்தால் அது குறைபாடு. சோதனையை வெயிலில் செய்யாமல் அறைக்குள் செய்யுங்கள். பல கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று இருக்கும், உங்கள் கையேட்டில் உள்ள அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் மெனுவில் முழு ரீசெட் செய்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டையும் லென்ஸையும் ஒரே தடவையில் மாற்றினால் அந்தச் சோதனை எதையும் காட்டாது.

சோதனையைக் கைப்பேசியில் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள். முதலில் கேமராவின் அடியிலுள்ள வரிசை எண், பிறகு பேட்டரி, கார்டு, அருகில் ஒரு கடிகாரம். அதன் பிறகு பதிவு தொடங்குவது, நிற்பது, பட்டன்களை அழுத்தியும் அசையாதது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கைப்பேசியிலேயே வைத்திருங்கள். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023இன் பிரிவு 63(4) சொல்லும் சான்றிதழையும் இணையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அத்தனை கறாராகப் பொருந்தாது என்றாலும் எதிர்தரப்பு வாயைத் திறக்க இடம் கொடுக்க வேண்டாம்.

இனி ஜாப் ஷீட், அதாவது கேமராவைக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டர் புகாரை எழுதித் தரும் சீட்டு. முந்தைய மூன்றிலும் ‘ஹேங் பிராப்ளம்’ என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கும் என்பது என் ஊகம். இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழுது இல்லை என்று எழுத அதுவே அவர்களுக்கு வசதி. நான்காவது முறை கொடுக்கும்போது இப்படி எழுதச் சொல்லுங்கள்: “4கே, வினாடிக்கு 60 ஃபிரேம், கம்பெனி பேட்டரி, வி60 கார்டு, அறை வெப்பத்தில் 12ஆவது நிமிடம் திரை நின்றது, சுவிட்சை அணைத்தும் அணையவில்லை, லென்ஸ் இல்லாமலும் அதே நிலை.” எழுத மறுத்தால் அதே வாசகத்தை அவர்கள் கவுண்டரில் நின்றபடியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். திரும்பப் பெறும்போது எந்த அமைப்பில், எத்தனை நிமிடம் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய மூன்று ஷீட்களும் வீணல்ல. வாரண்டிக்குள் ஒரே புகாரோடு மூன்று முறை வந்த பொருள் என்பதற்கு அவையே சாட்சி. இதற்கிடையில் வெளி மெக்கானிக் யாரும் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது.

பிறகு நோட்டீஸ்: விற்பனையாளர், சர்வீஸ் சென்டர், உற்பத்தியாளர் மூவருக்கும், டெலிவரிச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில், 15 நாள் கெடு வைத்து. உற்பத்தியாளர் வெளிநாட்டில் இருந்தால் பெட்டியின் ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கும்; அவரைச் சேருங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்; பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன.

வராவிட்டால் பிரிவு 35இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் எல்லை, 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வேண்டுதலில் வரிசை முக்கியம்: முதலில் புதிய கேமரா, இல்லையேல் விலையை வட்டியோடு திரும்பத் தருவது, கூடவே இழப்பீடும் வழக்குச் செலவும். இவை பிரிவு 39 தரும் பரிகாரங்கள். வேலை இழந்ததற்குப் பணம் கேட்பதானால், ரத்தான வேலையின் குறுஞ்செய்தியும் முன்பணம் திருப்பிக் கொடுத்த வங்கிக் கணக்குப் பக்கமும் வேண்டும். வாய்க்கு வந்த தொகையைக் கேட்டால் எடுபடாது. பெரிய வியாபார நஷ்டம் என்று ஊதிப் பெருக்கினால் ‘வணிக நோக்கம்’ வாதத்துக்கு நீங்களே தீனி போடுகிறீர்கள்.

“பழுதே இல்லை” என்று அவர்கள் பதில் மனு போட்டால், பிரிவு 38(2)(சி)இன் கீழ் கேமராவை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருங்கள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். அறிக்கைக்குச் சட்டம் தரும் காலம் 45 நாள், நீட்டிக்கவும் முடியும். நின்றுபோகும் அமைப்பையும் நிமிடத்தையும் எழுதிக் கொடுத்தால்தான் அங்கேயும் பழுது தென்படும்.

காலக்கெடு பிரிவு 69இன்படி 2 ஆண்டு. அதைக் கடைசியாக மறுத்த நாளிலிருந்து எண்ணலாமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், முதல் ஜாப் ஷீட்டின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது; நான்காவது ஷீட் இந்த மாதமே கையில் இருக்கட்டும்.