சொத்து வரியில் குழந்தைகளுக்கென்று ஒரு பங்கு: சான் பிரான்சிஸ்கோவில் நான் கண்டது

நகர வருவாயில் ஒரு பங்கைக் குழந்தைப் பராமரிப்புக்கும் பள்ளி முடிந்த பிறகான மாலை வகுப்புகளுக்கும் சட்டப்படி ஒதுக்கிவைக்க வேண்டுமா, அல்லது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தேவையைப் பார்த்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்; உங்கள் நகரில் இது வாக்கெடுப்புக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாகச் சான் பிரான்சிஸ்கோவில் குடியிருந்து, இரண்டு பிள்ளைகளை இங்கேயே வளர்ப்பவன் நான். ஒதுக்கிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இங்கே அது 1991 நவம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் நகர மன்றத்தின் வாசலில் நின்று குழந்தைகளுக்காகக் கேட்டுச் சலித்துப்போன ‘கோல்மன் அட்வகேட்ஸ்’ என்ற அமைப்பு, மார்கரெட் பிராட்கின் தலைமையில் நேரடியாக வாக்காளர்களிடம் சென்றது. சொத்து வரி வருவாயில் ஒரு பகுதி ஆண்டுதோறும் குழந்தைகளுக்கே செல்ல வேண்டும் என்ற ‘ப்ரொபொசிஷன் ஜே’ என்னும் வாக்கெடுப்புத் தீர்மானம் வெற்றி பெற்று, நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்திலேயே இடம்பெற்றது. அமெரிக்காவில் ஒரு நகரம் இவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. 2000இல் புதுப்பிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை, 2014இல் மீண்டும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். பங்கும் சொத்தின் மதிப்பீட்டில் 100 டாலருக்கு 4 சென்ட் வரை படிப்படியாக உயர்ந்தது. வீட்டுக்காரர்கள் இதைப் புதிய வரி என்று எண்ணிக்கொள்வதுண்டு, ஆனால் அது அப்படியன்று. 10 லட்சம் டாலருக்கு மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு அடிப்படைச் சொத்து வரி 1 சதவீதம், அதாவது 10,000 டாலர். அதற்குள்ளிருந்தே 400 டாலர் இந்த நிதிக்குப் போகிறது.

இந்தச் சட்டத்தில் என் பார்வையில் மிகவும் மதிப்புள்ள பகுதி அந்தச் சென்ட் கணக்கு அல்ல. நகரம் ஏற்கெனவே குழந்தைகளுக்காகச் செலவிட்டுவந்த தொகையைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை இந்த நிதியைக் கொண்டு நிரப்பக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அது இல்லையென்றால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இருக்காது. உங்கள் நகரின் தீர்மானத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மூத்தவள் கிண்டர்கார்டனில் சேர்ந்த ஆண்டு, பள்ளி பிற்பகல் இரண்டரைக்கு முன்பே முடிந்துவிடும். எனக்கும் மனைவிக்கும் வேலை முடிய ஐந்தரை ஆகும். பள்ளி வளாகத்திலேயே ஒரு தொண்டு நிறுவனம் மாலை ஆறு மணி வரை வகுப்பு நடத்தியது. மாநில அரசின் பணமும் நகரத்தின் பணமும் சேர்ந்தே அந்த அறையை நடத்தின. நாங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தோம். அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு ஏன் இடமில்லை என்கிறீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். பொறுப்பாளர் கையெழுத்து ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை” என்றார். அப்போதைய மாநில விதிப்படி இருபது பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் இருந்தாக வேண்டும். முந்தைய வாரம் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒருவர் போனால் இருபது இடங்கள் போகும் என்ற கணக்கு அன்றுதான் எனக்கு உறைத்தது.

பகுதிநேர வேலை, குறைந்த ஊதியம், அடுத்த ஆண்டு நிதி வருமா என்ற ஐயம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் யாரும் நிலைத்திருக்க மாட்டார்கள். மூன்றாவதை மட்டுமாவது ஒதுக்கீடு பெருமளவு தணிக்கிறது என்பதே அதை நான் ஆதரிக்கக் காரணம். 2020இல் சுற்றுலா நின்று ஓட்டல் வரி சரிந்தபோதும் சொத்து வரி அப்படி விழவில்லை. நிதி எந்த வரியைச் சார்ந்திருக்கிறது என்பது அதன் அளவைப் போலவே முக்கியம்.

ஊதியத்துக்கு ஒதுக்கீடு மட்டும் போதாது. 2018 ஜூனில் வணிகக் கட்டட வாடகை வருவாய்மீது ஒரு வரியை இங்கே வாக்காளர்கள் ஏற்றார்கள். அதில் 85 சதவீதம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கு என்பது ஏற்பாடு. இத்தகைய வரிக்கு வெறும் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 முதல் வரி வசூலாகியும், 2021இல் நீதிமன்றங்களில் முடிவு வரும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடந்தது. பிறகுதான் டேகேர் ஆசிரியர்களின் ஊதியம் உயரத் தொடங்கியது. என் சின்னவனுக்கு அது உதவியது. ஒரே ஆசிரியை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்தார். ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலை வகுப்புப் பணியாளர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை என்பது எனக்கு இன்றும் உடன்பாடில்லாத விஷயம்.

ஒதுக்கீட்டினால் பட்ஜெட்டின் கைகள் கட்டப்படுகின்றன என்ற எதிர்வாதத்தில் உண்மை உண்டு. நிதிப் பஞ்ச காலத்தில் வேறு துறைகளின் செலவுதான் வெட்டப்படும். அதை ஏற்றுக்கொண்டுதான் நான் ஆதரிக்கிறேன்.

உங்கள் தீர்மானத்தின் முழு வாசகம் கையில் இருந்தால் மூன்று கேள்விகளோடு படியுங்கள்: பழைய செலவைக் குறைக்கத் தடை இருக்கிறதா, வயது வரம்பு எங்கே முடிகிறது, பணத்தில் எவ்வளவு ஊதியத்துக்குப் போகலாம். தீர்மானம் வெற்றிபெற எத்தனை சதவீத வாக்கு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவைப்பது நல்லது. நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.