பாண்டில் கையெழுத்திட்ட ஆடை வடிவமைப்பாளர் வேலையை விட்டு விலக முடியுமா?

கேள்வி: நான் கோத்தகிரி அருகேயுள்ள ஊரைச் சேர்ந்தவள். கோவையில் ஆடை வடிவமைப்பில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு, குன்னூரில் உள்ள ஓர் ஆடை நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ‘பயிற்சி’ என்று சொல்லிச் சம்பளம் தரவில்லை. பிறகு மாதம் 12,000 ரூபாய் தந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும், விலகிய பின் இரண்டு ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் வேறெந்த ஆடை நிறுவனத்திலும் சேரக் கூடாது என்று எழுதிய பாண்டில் சேரும்போதே கையெழுத்து வாங்கினார்கள். என் அசல் சான்றிதழ்களும், தொகை எழுதாமல் நான் கையெழுத்திட்ட ஒரு காசோலையும் அவர்களிடம் உள்ளன. இப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் எனக்கு வேலை தரத் தயாராக இருக்கிறது. நான் விலகலாமா? நான் வரைந்த வடிவங்களை என் போர்ட்ஃபோலியோவில் (படைப்புத் தொகுப்பில்) காட்டலாமா? மேலும், தோடர் சால்வையின் பூவேலையைப் படமெடுத்து, இயந்திரத்தில் அச்சிட்டு, ‘தோடா எம்பிராய்டரி’ என்ற பெயரில் விற்பதற்கான கோப்பைத் தயாரிக்கச் சொல்கிறார்கள். அதில் எனக்கும் பொறுப்பு வருமா?

பதில்: சகோதரி, நீங்கள் விலகலாம். எந்த நீதிமன்றமும் உங்களை அந்த நிறுவனத்திலேயே வேலை செய்யும்படி உத்தரவிட முடியாது. ஒருவருடைய சொந்தத் திறமையைச் சார்ந்த பணி ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்வதற்குக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 1963 இடம் தருவதில்லை. நிறுவனம் கேட்கக்கூடியது பணம் மட்டுமே. எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் இங்கே பிரச்சினை.

திருப்பூர் வேலையைத் தடுக்கும் நிபந்தனையை முதலில் பார்ப்போம். ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 சொல்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1967-ஆம் ஆண்டு கோலிகரி வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலை முடிந்த பிறகும் நீடிக்கும் தடை அப்படிப்பட்டதன்று. 1980-இல் கிருஷன் முர்கை வழக்கில் அத்தகைய தடையை முன்னிறுத்தி வந்த நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே, விலகிய பிறகு திருப்பூரில் சேருவதற்கு அந்த வரி தடையாக நிற்காது. விலகல் கடிதம் கொடுத்தபின் அங்கே வேலை செய்ய வேண்டிய அறிவிப்புக் காலம் முடியும் வரை மட்டும் வேறிடத்தில் வேலை செய்யாதீர்கள், வீட்டிலிருந்தபடி ஒரு சாம்பிள்கூடச் செய்து கொடுக்காதீர்கள்.

1,50,000 ரூபாய் விஷயத்தில் அவ்வளவு எளிதாக ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. பாண்ட் என்றாலே செல்லாது என்று பலர் சொல்வது தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. ஆனால் அந்தத் தீர்ப்பு நின்ற தளம் வேறு: அது ஒரு பொதுத்துறை வங்கி, விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து ஆளெடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பது, விலகியவரோ உயர் நிலையில், நல்ல ஊதியத்தில் இருந்தவர். உங்களை அந்த நிறுவனம் எந்தப் பயிற்சிக்கும் செலவு செய்து அனுப்பியதாகத் தெரியவில்லை. ஆறு மாதம் உங்கள் உழைப்பைச் சம்பளமில்லாமல் பெற்றுக்கொண்டது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்பதை 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே அவர்கள் உரிமையியல் வழக்குத் தொடுத்தால், உங்களுக்காகச் செலவிட்டது என்ன, நீங்கள் போனதால் இழந்தது என்ன என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு பெரிதாக நிற்காது என்பது என் கருத்து. அறிவிப்பே கொடுக்காமல் ஒரு சீசனின் நடுவில் நீங்கள் நின்றுவிட்டால் மட்டும் அவர்கள் கை வலுவாகும். அதனால் அறிவிப்புக் காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள்.

சான்றிதழ்களை வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளன்று. பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்தக் காசோலைதான். மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனுக்காகக் கொடுத்ததாகவே அனுமானிக்கப்படும் என்று 2019-இல் பீர்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், தொகையை நிரப்பி வங்கியில் போட்டுவிட்டால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலைமேல் விழும். விலகல் கடிதத்திலேயே அந்தக் காசோலையின் எண்ணைக் குறித்து, வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புக்காக மட்டும் பெறப்பட்டது, நான் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை, திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். அதன் நகலை உங்கள் வங்கிக்கும் கொடுங்கள். அதையும் மீறிக் காசோலை திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-இன்கீழ் அறிவிப்பு வந்தால், 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பிவிட வேண்டும். பதில் அனுப்பாமல் விட்டவர்கள்தாம் இத்தகைய வழக்குகளில் அதிகம் துன்பப்படுகிறார்கள்.

சம்பளப் பாக்கிக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன்படி, பணியிலிருந்து விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் குன்னூரிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். கோரிக்கைக்கான கால வரம்பு மூன்று ஆண்டு. ‘பயிற்சி’ மாதங்களையும் விட்டுவிடாதீர்கள். தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1961-இன்கீழ் முறையாகப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல், மற்றவர்களைப் போலவே பேட்டர்ன் வெட்டவும் வாடிக்கையாளருக்கு அளவெடுக்கவும் வைத்திருந்தால், பெயர் எதுவானாலும் அது வேலைதான். அந்த மாதங்கள் புதிய சட்டத்துக்கு முந்தையவையாக இருந்தால் கால வரம்பு குறுகியது, உடனே செயல்படுங்கள். இளம் வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் முதல் ஆண்டை இப்படிக் கூலியின்றிக் கொடுத்துவிட்டு, அதுதான் இந்தத் துறையின் வழக்கம் என்று அமைதியாகிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வடிவங்களின் உரிமையைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம் முழுமையாக இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, வேலையின்போதோ தொழிற்பயிற்சியின்போதோ உருவாக்கியவற்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். கல்லூரியில் வரைந்தவையும், வேலைக்குத் தொடர்பின்றி உங்கள் நேரத்தில் வரைந்தவையும் உங்களுடையவை. இதில் ஆடைத் துறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: வடிவமைப்புச் சட்டம் 2000-இன்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் ரித்திகா நிறுவனத்தின் வழக்கில் இதையே முடிவு செய்தது. இருபது முப்பது உருப்படி மட்டும் தைக்கும் உங்கள் நிறுவனம் போன்ற சிறிய இடங்களில் அந்த எல்லை எட்டப்படாமலே இருக்கக்கூடும். அப்படியானால் உரிமை அவர்களிடம் உயிரோடு இருக்கிறது. கடைக்கோ இணையத்துக்கோ வந்துவிட்ட ஆடைகளின் படத்தை, நிறுவனத்தின் பெயரோடும் அதில் உங்கள் பங்கு என்ன என்ற விளக்கத்தோடும் நேர்காணலில் காட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. இன்னும் வெளிவராத வடிவங்களையும், ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய டெக் பேக் கோப்புகளையும், வாடிக்கையாளர் பட்டியலையும் தொடவே கூடாது. நீங்கள் வரைந்ததை அவர்களுக்கு அனுப்பிய, அவர்கள் அதைப் பாராட்டிய, திருத்தச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி ஒரு சான்று இணைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தோடர் பூவேலை பற்றி நீங்கள் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில், இழைகளை எண்ணியெண்ணி, சிவப்பும் கறுப்புமான நூலால் தோடர் பெண்கள் கையால் செய்யும் அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திர அச்சை அந்தப் பெயரில் விற்பது, வாங்குபவரை ஏமாற்றுவதோடு, மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) கண் வலிக்கத் தைக்கும் பெண்களின் பிழைப்பிலும் கை வைப்பது. புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இன்கீழ் பொய்யான குறியீட்டைப் பொருளில் இடுவது குற்றம். பொறுப்பு முதன்மையாக விற்பவருடையது என்றாலும், தெரிந்தே துணைசெய்தவர் என்ற பேச்சுக்கு நீங்கள் இடம் தரக் கூடாது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் வேலையைச் செய்ய இயலாது என்று மின்னஞ்சலில் இரண்டே வரியில் மரியாதையாகத் தெரிவித்துவிடுங்கள்.

விலகல் கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. உதகமண்டலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சான்றிதழும் காசோலையும் திரும்பப் பெறுவதற்கு, வழக்குக்கு முந்தைய சமரசமாக அங்கிருந்து அனுப்பும் ஓர் அறிவிப்பே பல நேரங்களில் போதுமானதாக இருக்கிறது. திருப்பூர் நிறுவனத்திடம் இந்தப் பாண்ட் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே சேரும்போது அசல் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்தபின் கையோடு வாங்கிக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள். கல்லூரியிலும் உங்கள் சொந்த நேரத்திலும் நீங்கள் வரைந்த பழைய வடிவங்கள் உங்களுடையவையே என்று ஒரு வரியை நியமனக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.