இழை மலிவு, பெட்டிதான் விலை

கேள்வி: எங்கள் ஊர் குடிநீர்த் தொட்டியின் தூண்களில் நெடுக்காக வெடிப்பு விட்டிருக்கிறது. ஃபைபர் இழையை ஒட்டிவைத்தால் தூணின் அசைவைக் காட்டிக்கொடுக்கும் என்கிறான் இன்ஜினீயரிங் படிக்கும் என் பையன். விலை விசாரித்தால் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். வீட்டுக்கு இன்டர்நெட் வரும் அதே கண்ணாடி இழைதானே, ஏன் இவ்வளவு?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: பையன் சொல்வது சரிதான். உப்புக்காற்றில் கண்ணாடி துருப்பிடிக்காது, இழையும் மலிவு. காசைத் தின்பது அதைப் படிக்கிற பெட்டி, இன்டெரோகேட்டர் என்பார்கள். இழைக்குள் பதித்த பிராக் கிரேட்டிங் என்ற நுண்வரிகள்தான் சென்சர். பெட்டி அனுப்பும் ஒளியில் 1550 நானோமீட்டரை ஒட்டி ஒரு அலைநீளத்தை மட்டும் அவை திருப்பி அனுப்பும். ஒரு மீட்டர் நீளம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடினால், அதாவது ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன், அந்த அலைநீளம் நகர்வது சுமார் 1.2 பிக்கோமீட்டர். ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தனூண்டு நகர்வைப் பிடிக்கத்தான் அந்த லட்சங்கள்.

ஆனால் தொட்டிக்கு ஒரு பெட்டி எதற்கு? சென்சர்களை நிரந்தரமாக ஒட்டி, கனெக்டர்களுக்கு மூடி போட்டு விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் நான்குக்கும் ஒன்றே போதும். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போதே அளக்க வேண்டும் என்றால் அது வேறு கதை, பெட்டி அங்கேயே இருந்தாக வேண்டும்.

ஒட்டும் இடத்தைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு அப்புறம் எபாக்ஸிப் பசை வையுங்கள். உப்புப் படிவத்தின் மேல் ஒட்டினால் கொஞ்ச நாளில் பெயர்ந்துவிடும், அப்போது பெட்டி பசையை அளக்குமே தவிர தூணை அளக்காது. வெயில் இன்னொரு தொல்லை. ஒரு டிகிரி ஏறினாலே தூண் எட்டு மைக்ரோஸ்ட்ரெய்ன் நீண்டதுபோல சென்சர் காட்டும். அதனால் பக்கத்திலேயே ஒட்டாத சென்சர் ஒன்றைச் சூடு பார்க்க வைத்து, விடியற்காலையில் தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருமுறை, காலியானதும் ஒருமுறை அளந்து பாருங்கள். தண்ணீரே எடைக்கல்.

சரி, இதெல்லாம் பிறகு. நெடுக்கு வெடிப்பு என்றால் எனக்கு முதல் சந்தேகம் உள்ளே இருக்கும் கம்பிமேல்தான், துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். இன்றைக்கே வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். விரிசல் விரிந்தால் அது உடையும். சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டியும் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் சென்சருக்குக் காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை பிள்ளைகளைத் தொட்டியடியில் விளையாட விடாதீர்கள்.