பிள்ளைக்கேற்ற பாடத்திட்டம்: கடற்கரைப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

சிறப்புப் பள்ளிகளிலும் பொதுப் பள்ளிகளிலும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 9 வயது. சிறப்புப் பள்ளியில் 'தனிநபர் கல்வித் திட்டம்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'எண்ணறிவை வளர்த்தல், தன் வேலையைத் தானே செய்யப் பழக்குதல்' என்று மட்டும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? (தாய், தங்கச்சிமடம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த வரி எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதாலேயே உங்கள் மகனுக்கு உதவாது. திட்டம் எழுதுவதற்கு முன்பு, அவனுக்கு இன்று எது தானாக வருகிறது, எது உதவியோடு வருகிறது, எது வரவே இல்லை என்பதை மதிப்பிட்டிருக்க வேண்டும். சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். மதிப்பீட்டுப் பட்டியலில் உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு, பணம், நேரம் என 18 பிரிவுகளும், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்களும் உள்ளன. அதைக் கொண்டோ அதுபோன்ற வேறொன்றைக் கொண்டோ அவனை மதிப்பிட்டார்களா, அந்தத் தாளைப் பார்க்கலாமா என்று சிறப்பாசிரியரிடம் கேளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு இலக்கையும் அளந்து பார்க்க முடிய வேண்டும். 'எண்ணறிவை வளர்த்தல்' என்பதற்குப் பதிலாக, '10, 20, 50 ரூபாய் நோட்டுகளைக் கலந்து வைத்தால், யாரும் கைகாட்டாமல், கேட்ட நோட்டைப் பத்து முறையில் எட்டு முறை சரியாக எடுத்துத் தருவான். மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தால், நடந்ததா இல்லையா என்பதை எழுத்தறியாத பாட்டி கூடச் சொல்லிவிடுவார். சட்டை போடுவது போன்ற வேலைகளைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்பிப்பது நல்ல முறை. மற்ற எல்லாப் பொத்தான்களையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவன் போடட்டும். வேலையை முடித்தவன் தானே என்ற நிறைவு அவனுக்கு முதல் நாளிலேயே கிடைக்கிறது. அது பழகிய பிறகு அதற்கு முந்தைய பொத்தானையும் அவனிடம் விடலாம்.

பாடப்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் சூடை மீனும் காரல் மீனும் காயும் வீட்டுப் பிள்ளைக்கு வகைபிரிக்கக் கற்றுக்கொடுக்க, அவன் தின்றே பார்க்காத ஸ்ட்ராபெரியின் பிளாஸ்டிக் பொம்மை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் கையில் படும் பொருள்களின் பட்டியலை எழுதிக் கொடுங்கள். கோடை விடுமுறைக்கான இலக்குகளையும் கேட்டு வாங்குங்கள். பயிற்சி விட்டுப்போனால், கற்றது மறந்துபோகும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், உங்கள் வீட்டுக்காரர் படகுத் தொழிலாளியாக இருந்தால் அப்போது கரையில்தான் இருப்பார். ஓர் இலக்கையாவது அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பிறகு ஊர்ப் பள்ளியில் இடம் தரமாட்டார்கள் என்கிறார்களே? (தந்தை, மண்டபம்)

பதில்: அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது வட்டார வள மையத்தின் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்பாசிரியரையும் சந்தித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. படம் காட்டிப் பழக்கினால் பேசவே மாட்டாள் என்கிறார்கள் உறவினர்கள். வீட்டிலும் ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்கிறார்கள் பள்ளியில். (தாய், கீழக்கரை)

பதில்: இரண்டையும் பொருட்படுத்த வேண்டாம். பட அட்டைகள் பேச்சைத் தடுப்பதில்லை. கேட்டது கிடைக்காமல் அழுது புரளும் பிள்ளைக்குக் கேட்கும் வழியைத் தருகின்றன, பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்கும் துணையாகின்றன. மொழியைப் பொறுத்தவரை, நீங்கள் தாலாட்டவும் கடிந்துகொள்ளவும் பயன்படுத்தும் தமிழிலேயே பேசுங்கள். உங்களுக்குத் தடுமாறும் மொழியில் பேசினால் அவள் காதில் விழும் பேச்சே குறைந்துபோகும். அவளுடைய அத்தா வெளிநாட்டில் இருந்தால், வீடியோ அழைப்பின்போது அவரும் அதே அட்டைகளின் படங்களை வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் 8 வயது மகன் கதவு திறந்தால் கடலுக்கு ஓடுகிறான். வேலைக்குப் போகும்போது கட்டிப்போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. (தாய், பாம்பன்)

பதில்: உங்கள் நெருக்கடி புரிகிறது, ஆனாலும் கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டது நம் மாவட்டத்தில்தான். ஆபத்து வந்தால் கட்டுண்டவரால் ஓட முடியாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரை நீர்நிலைகள் ஈர்க்கின்றன. வீட்டைவிட்டு வெளியேறும் அத்தகைய பிள்ளைகளின் இறப்புக்கு நீரில் மூழ்குவதே முக்கியக் காரணம். ஆகவே எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாக, தண்ணீர்ப் பாதுகாப்பை அவனுடைய திட்டத்தின் முதல் இலக்காக எழுதச் சொல்லுங்கள். 'நில்' என்றால் நிற்பதை முதலில் வகுப்பறையிலும், பிறகு முற்றத்திலும், கடைசியாக ஆள் துணையோடு கரையிலும் பழக்க வேண்டும். வகுப்பில் நின்றவன் மணலிலும் நிற்பான் என்று எண்ணிவிடக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் நீங்களே அவனைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். எப்போது போவோம் என்பதைப் படத்தில் காட்டிவிட்டால், தானாக ஓடும் வேகம் பெரும்பாலும் குறையும். நீச்சல் பழக்குவது நல்லது, ஆனால் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் கண்காணிப்பு வேண்டும். கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பெரியவர் யாராவது உடன் இருக்கும்போது மட்டும் அதைப் பூட்டுங்கள். படகுத்துறையில் இருப்பவர்களிடம் அவன் படத்தையும் உங்கள் எண்ணையும் கொடுத்து வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்குப் பள்ளியின் பகல்நேரப் பராமரிப்பைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு. 17 வயதாகிறது, இன்னும் அ, ஆ எழுதவைக்கிறார்கள். (அண்ணன், தேவிபட்டினம்)

பதில்: எழுத்துப் பயிற்சி இத்தனை ஆண்டுகளில் பயன் தரவில்லையென்றால் அதை நிறுத்திவிட்டுத் தொழில்முன் பயிற்சிக்கு மாற்றும்படி கேளுங்கள். பனையோலைப் பெட்டி முடைவது, கருவாட்டை எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவது போன்றவற்றில் எது அவருக்குப் பிடிக்கிறது என்று சில வாரங்கள் செய்துபார்த்து முடிவெடுக்கலாம். மாதவிடாய்க் காலத் தூய்மையும், தொடக் கூடாத தொடுதலை மறுப்பதும் கட்டாயம் திட்டத்தில் இருக்க வேண்டும். 18 வயது நிறைந்த பின் சட்டப்படியான காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.