செந்தோசாவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: திருச்சியில் சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மே மாத விடுமுறைக்கு நான், மனைவி, அம்மா (66), இரண்டு பிள்ளைகள் (10, 6) சிங்கப்பூர் போகிறோம். செந்தோசா தீவில் ரிசார்ட் ஹோட்டலில் நான்கு ராத்திரி. ஒரு முழு நாள் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா. டிக்கெட், ஐந்து பேருக்கும் சேர்த்து சுமார் 340 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஏஜென்ட் சொல்கிறார். ஹோட்டலிலேயே காலை, ராத்திரி பஃபே சேர்த்துக்கொண்டால் நான்கு நாளைக்கு ரூ.96,000 கூடுதலாம். “வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்கிறேன். “ஆசையாகப் போற இடத்திலயுமா சோத்துக்குக் கணக்குப் பார்ப்பீங்க?” என்கிறார் மனைவி. அம்மா சுத்த சைவம். இந்தப் பணம் மூன்று வருட ஆர்.டி. முதிர்ந்து வந்தது. யார் சொல்வது சரி?

பதில்: ரூ.96,000 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பூங்காவுக்குப் போகிற அந்த ஒரு நாள் மத்தியானம் மட்டும் உங்கள் சிக்கனத்தை ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கேட்பது ஏறக்குறைய 1,370 வெள்ளி. நான்கு நாள், ஐந்து பேர் என்று பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 68 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. உங்கள் ஆறு வயதுப் பிள்ளை காலையில் அரை தோசை சாப்பிடுமா? அதற்கும் இதே கணக்குதான். சில ஹோட்டல்களில் சின்னக் குழந்தைகளுக்குப் பஃபே இலவசம் அல்லது பாதி விலை. ஏஜென்ட் அதைக் கழித்தாரா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, பேக்கேஜுக்குள் சாப்பாட்டைச் சேர்த்தால் அந்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி போடுவார்கள், டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியும் பிடிப்பார்கள். டிசிஎஸ்ஸை வருமான வரி ரிட்டர்னில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். ஜிஎஸ்டி போனது போனதுதான்.

இனி வெளியே சாப்பிட்டால் எவ்வளவு என்று பார்ப்போம். செந்தோசாவிலிருந்து மோனோ ரயிலில் ஏறினால் விவோசிட்டி என்ற பெரிய மால். ரயில் நிற்பதே அதன் மூன்றாவது மாடியில்தான். அதே மாடியில் ஃபுட் கோர்ட் இருக்கிறது. மாலிலிருந்து இறங்கி நடந்தால் ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் சியா இம் உணவங்காடி நிலையம். அங்கே விலை இன்னும் குறைவு, ஏசி கிடையாது. அம்மாவுக்கு சைவம் வேண்டுமென்றால் அதே ஹார்பர்ஃபிரண்டில் ஊதா நிற ரயிலில் ஏறி ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்குங்கள், லிட்டில் இந்தியா. வழியில் ரயில் மாற வேண்டியதில்லை. வெளியே வந்தால் தேக்கா நிலையம் என்ற சந்தையும் உணவங்காடியும். சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கிற கோமள விலாஸ் இருக்கிறது. அம்மா சாப்பாட்டைக் கேட்டு வாங்குவதற்கு மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 10 வெள்ளி தாராளமாக ஒதுக்குங்கள், 50. காலைக்கு வெளியே போகாதீர்கள். விவோசிட்டியில் பெரிய ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. முதல் நாள் ராத்திரியே ரொட்டி, பால், பழம், தயிர் வாங்கிவந்து அறையில் வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கும் 20 வெள்ளியில் முடிந்துவிடும். அறையில் கெட்டில் இருக்கும், அம்மாவுக்கு ஊரிலிருந்தே சத்துமாவு கொண்டுபோங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுகிற செலவு ஒன்று உண்டு. செந்தோசாவிலிருந்து வெளியே வர ரயில் இலவசம். திரும்ப உள்ளே போகத்தான் ஆளுக்கு 4 வெள்ளி. ஐந்து பேருக்கு 20. ஹோட்டலில் தங்குபவர்களுக்குச் சலுகை உண்டா என்று செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 123ஆம் எண் பேருந்தில் சாதாரண டிக்கெட்டில் வரலாம். போர்டுவாக் என்ற நடைபாதை வழியாக நடந்தால் காசே இல்லை, ஆனால் நாள் முழுக்கச் சுற்றிய அம்மாவின் முழங்காலை யோசித்துக்கொள்ளுங்கள். நான் நான்கு ராத்திரியும் ரயில் என்றே கணக்கு வைக்கிறேன்.

ஆக ஒரு நாளைக்கு 20, 50, 20 சேர்த்து 90 வெள்ளி. நான்கு நாளைக்கு 360. நம் பணத்தில் ரூ.25,200. ரூ.96,000 எங்கே, இது எங்கே!

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், கைக்குழந்தை உணவும் மருத்துவத் தேவைக்கானதும் தவிர. உள்ளே ஓர் ஆளுக்கு 20 வெள்ளி வைத்தால் ஐந்து பேருக்கு 100. விலைப்பலகையைப் பார்த்ததும் உங்களுக்கு ‘வெளியே போய் 40 வெள்ளியில் சாப்பிட்டுவிட்டு வரலாமே’ என்று தோன்றும். கடைக்காரர் மூளை அப்படித்தான் ஓடும், எனக்கும் ஓடியது. ஆனால் கடைக்காரராகவே யோசியுங்கள். 340 வெள்ளி டிக்கெட், பூங்கா திறந்திருப்பது ஒன்பது மணி நேரம் என்றால், மணிக்கு 38 வெள்ளிக்கு அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். வெளியே வந்து, ரயில் பிடித்து, சாப்பிட்டு, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அது 57 வெள்ளி. திரும்ப உள்ளே வர ரயிலுக்கு 20. மொத்தம் 77. சாப்பாட்டில் மிச்சம் 60. தவிர, நீங்கள் வெளியே இருக்கும் நேரம் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம், சில ரைடுகளில் வரிசை குறையக்கூடிய நேரம். அதனால் உள்ளேயே சாப்பிடுங்கள், பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுங்கள். பண்டைய எகிப்து பகுதியில் இந்திய வகைச் சாப்பாடு விற்கும் இடம் உண்டு, அம்மாவுக்கு அங்கே கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டும் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துப்போங்கள்.

ராத்திரி பஃபேவுக்கு நான் எதிரி என்பதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. நாங்கள் இதே மாதிரி முன்பணம் கட்டிப் போன பயணத்தில், பூங்கா முடிந்து அறைக்கு வந்ததும் பெண் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டாள். கூடவே இருந்து என் மனைவியும் தூங்கிவிட்டார். நான் மட்டும் கீழே போய்ப் பெரிய ஹாலில் தனியாக உட்கார்ந்து, மூன்று பேர் சாப்பாட்டை ஒரே ஆள் சாப்பிட முடியுமா என்று முயன்று பார்த்தேன். முடியாது. மிஞ்சிய கூப்பன் இரண்டும் ரொம்ப நாள் என் பர்ஸில் இருந்தன.

உங்கள் மனைவி கேட்டதும் நியாயமான கேள்விதான். நான்கு நாளும் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடினால் அது விடுமுறை இல்லை. அதனால் ஒரு ராத்திரிக்கு 200 வெள்ளி தனியாக எடுத்து வையுங்கள். எந்த ஹோட்டல், எந்த நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்கள் பில்லைப் பார்க்கவே கூடாது. அதையும் சேர்த்தால் 560 வெள்ளி, ரூ.39,200. அப்போதும் ரூ.56,800 மிச்சம்.

பில்லைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன், மெனுவையாவது பாருங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி. 28 என்று போட்டிருப்பது பில்லில் 33.57 ஆக வரும். சில உணவகங்களில் கேட்காமலே வேர்க்கடலையும் ஈரத் துண்டும் மேசையில் வைப்பார்கள். உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள், பில்லில் ஏறும். வேண்டாமென்று உடனே திருப்பிக் கொடுக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உணவங்காடியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் மட்டும் அது யாரோ பிடித்து வைத்த இடம் என்று அர்த்தம், எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். முக்கியமாக, தேக்காவிலிருந்து பார்சல் வாங்கிவந்து பிள்ளை பசிக்கிறது என்றதும் எம்ஆர்டியில் பிரித்துவிடாதீர்கள். ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். நான் சேமித்துக் கொடுத்ததில் பெரும் பகுதி அங்கேயே போய்விடும்.

கார்டு விஷயம் சுருக்கமாக. சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப் (கூடுதல் கட்டணம்), அதற்கு ஜிஎஸ்டி வேறு. மார்க்கப் இல்லாத கார்டோ, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கிற ஃபாரெக்ஸ் கார்டோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மிஷின் ‘வெள்ளியா, ரூபாயா’ என்று கேட்டால் வெள்ளியை அமுக்குங்கள். ரூபாயை அமுக்கினால் மோசமான மாற்று விகிதம் விழும். உணவங்காடிக்குக் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

ஏஜென்ட்டிடம் போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். “சாப்பாடு இல்லாமல் அறை வாடகை எவ்வளவு? காலை உணவு மட்டும் சேர்த்தால் எவ்வளவு?” சில சமயம் காலை உணவு அறை வாடகையிலேயே அடங்கியிருக்கும், அதை ராத்திரியோடு சேர்த்து மறுபடி விற்பார்கள். காலை உணவு மட்டும் ஐந்து பேருக்கும் நாளுக்கு 60 வெள்ளிக்குள் வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டி தூக்குகிற வேலை மிச்சம். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள்.