மூதூரில் இருந்து கேட்ட அக்காவுக்கு

அக்கா, தங்கச்சி குவைத்தில், பிள்ளைகளின் தகப்பன் குடியில், அம்மாவுக்கும் ஏலாது, அதனால் இரண்டு பிள்ளைகளையும் திருகோணமலையில் ஒரு சிறுவர் இல்லத்தில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து நேராக இல்லத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். முதலில் மூதூர் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். அவர், சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுப்புவார். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். தேவைப்பட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றம் போகும். அலைச்சல்தான். ஆனால் அந்தப் பதிவு இருந்தால்தான் பிள்ளைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு அதிகாரி இருப்பார். இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

அரசின் கொள்கை இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது. உறவினரிடமே பிள்ளைகளை ஒப்படைக்க நீதிமன்றத்தால் முடியும். உங்களால் முடியுமென்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்காமல் போகலாம்.

அப்புறம், பல இல்லங்கள் ஆண், பெண் என்று தனித்தனி. அண்ணனையும் தங்கையையும் பிரிக்கவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். குவைத்தில் இருக்கும் உங்கள் தங்கச்சிக்கும் இதெல்லாம் இப்போதே தெரியவேண்டும்.

பிறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுபோங்கள். தகப்பன் அடித்தால் இதற்கெல்லாம் காத்திருக்கவேண்டாம், உடனே சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.